பம்ப் செய்த தாய்ப்பால்: புட்டியில் எவ்வளவு கொடுப்பது?

பிரசவ விடுமுறை 98 நாளும் முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு முதலில் எழும் கேள்வி இது: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமோ பராமரிப்பாளரிடமோ எவ்வளவு பால் எடுத்து வைத்துவிட்டுப் போவது?

பிறந்த முதல் நாளில் குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி பாலே போதும். ஒரு வாரத்தில் அது 45 முதல் 60 மில்லி வரை உயரும். ஒரு மாதத்திற்குப் பிறகு, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 மில்லி குடிக்கும். குழந்தைக்குக் குழந்தை இது கூடலாம், குறையலாம்.

ஆறு மாதம் வரை இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. மாவுப்பால் டின்னில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துத் தாய்ப்பாலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை.

கணக்கு எளிது. தாய் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 30 மில்லி, அதாவது ஓர் அவுன்ஸ். காலை 7 மணிக்குப் புறப்பட்டு மாலை 5 மணிக்குத் திரும்புபவர் 300 மில்லி வைத்தால் போதும். அதை 75 முதல் 100 மில்லி வரை மூன்று, நான்கு புட்டிகளாகப் பிரித்து வைக்கலாம். அவசரத்துக்கு 30 மில்லி புட்டி ஒன்று தனியாக இருக்கட்டும்.

புட்டியிலிருந்து பால் வேகமாக இறங்கும். அதனால் குழந்தை தேவைக்கு மேல் குடித்துவிடலாம். "இன்னும் கேட்கிறது, தாய்க்குப் பால் பற்றவில்லை" என்று மாவுப்பாலுக்கு மாறுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, புட்டியைப் படுக்கைவாட்டில் வைத்து, இடையிடையே நிறுத்தி மெதுவாகக் கொடுக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தக் கூடாது.

குளிர்பெட்டியில் பாலை நான்கு நாள் வரை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் வேலையிடத்திலிருந்து கொண்டுவர ஐஸ் கட்டிப் பை அவசியம். வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். குடித்து மிஞ்சிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் சீராக ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். குறைமாதக் குழந்தைக்கும் எடை ஏறாத குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கிளினிக்கில் மருத்துவரோ தாதியோ சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.