படிக்க முடியாத எழுத்து

சென்னை ஓவியப் பள்ளியின் மாணவர்கள் அறுபதுகளில் ஜாதகக் கட்டம், யந்திரம், நாகம், கிராம தேவதை என்று வரையத் தொடங்கியதை 'வேர்களுக்குத் திரும்புதல்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பலமுறை எழுதப்பட்டுவிட்டதாலேயே இது வரலாறாகவும் ஆகிவிட்டது. எனக்கு இதில் சம்மதமில்லை. திரும்புகிறவன் போன இடத்தில் தங்குவான். இவர்கள் தங்கவில்லை. தங்கும்படி அவர்களைக் கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. ஒரு நம்பிக்கையின் சின்னத்தை அந்த நம்பிக்கை இல்லாதவன் கையிலெடுக்கும்போது எதை எடுத்துக்கொள்கிறான், எதை விட்டுவிட்டு வருகிறான் என்பதைத்தான் கேட்க வேண்டும். தொன்மங்களைப் புதுக்கவிதைக்குள் இழுத்துவருகிற நம்மவர்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நாம் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எனவே ஓவியர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பள்ளியை 1850இல் ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர். கலைஞர்களை உண்டாக்குவது அவர் நோக்கமல்ல. தொழில் தெரிந்த கைகளை உண்டாக்குவது. மண், மரம், உலோகம் என்று கைத்தொழிலே அங்கு பிரதானம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்த பிறகுதான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. 1957இல் அவர் இடத்துக்கு வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். 1954இல் ஐரோப்பா சென்று வந்தவர். அங்கே தாம் ஒரு நல்ல இரண்டாம்தர ஐரோப்பியராக மட்டுமே இருக்க முடியும் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அதன் பின் அவருடைய மாணவர்களுக்கு எதிரே இருந்த பிரச்சினை இதுதான்: நவீனமாகவும் இருக்க வேண்டும், பாரிஸின் நகலாகவும் இருக்கக் கூடாது.

ஆனால் முதல் பிரச்சினை அதுவுமல்ல. முதல் பிரச்சினை சோறு. படித்து முடித்த மாணவனின் ஓவியத்தை வாங்க ஆளில்லை. பணிக்கர் செய்த காரியம் கலை விமர்சகர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத காரியம். பாட்டிக் துணி, உலோக வேலை, சுடுமண், தோல் என்று விற்கக்கூடிய பொருள்களைச் செய்ய வைத்தார். அவற்றை விற்க ஒரு கைவினைச் சங்கம் அமைந்தது. அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கிராமம் எழுந்தது. நமது நவீன ஓவியம் மெழுகும் சாயமும் தோய்ந்த துணியில் நின்று வளர்ந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

இந்தப் பாட்டிக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அது ஜாவாவின் கலை. அங்கே சிறு செப்புக் குழலால் மெழுகை ஒழுகவிட்டு இழுக்கும் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு காரியம் இருந்தது. 'பராங்' என்ற சாய்கோட்டு அலைக் கோலத்தை அரண்மனையைச் சேராதவர் உடுத்தக் கூடாது என்று யோக்யகர்த்தா, சுரகர்த்தா அரசவைகளில் விதி. மணமக்களின் பெற்றோர் உடுத்துவதற்கென்றே ஒரு கோலம், 'த்ருந்தும்'. துணி உடம்பைக் காக்கும், மணத்தைக் காக்கும் என்பது நம்பிக்கை. சாந்திநிகேதன் வழியாக இந்தியாவுக்குள் வந்த அந்த வித்தையில் மெழுகு வந்தது, சாயம் வந்தது. கோலங்களின் காரியம் வரவில்லை. சென்னை மாணவர்கள் அந்த மெழுகில் நம்மூர் நாகத்தையும் அம்மனையும் எழுதினார்கள். அங்கே நம்பிக்கையை விட்டுவிட்டு வித்தையை எடுத்தாயிற்று. இங்கே வித்தையை விட்டுவிட்டுச் சின்னத்தை எடுத்தாயிற்று. இரண்டும் ஒரே துணியில் சந்தித்து வரவேற்பறைச் சுவருக்குப் போயின.

வித்தையும் சின்னமும் பிரியாமல் இருக்கிற இடம் எப்படியிருக்கும் என்பதற்கு நான் அறிந்த ஊரைச் சொல்கிறேன். ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் பாதையில், காவிரியின் மேல்கரையில் கொடுமுடி. மூவரும் பாடிய பாண்டிக்கொடுமுடி. ஆதிசேஷனும் வாயுவும் போரிட்டபோது மேரு சிதறி, அதன் வைரத்துண்டு விழுந்த இடம் என்பது ஸ்தல புராணம். ஒரே மதிலுக்குள் சிவன், பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா. பிரம்மாவுக்கு இங்கே மூன்று முகம். நான்காவது முகம் அந்த வன்னிதான் என்பார்கள். ஒரு சிற்பி கல்லில் மூன்று முகத்தோடு நிறுத்திக்கொண்டதை மரம் பூர்த்தி செய்கிறது. இதை எந்த வடிவமைப்புப் பள்ளியில் கற்றுக்கொடுப்பது?

இந்த ஊருக்கு ஜனங்கள் வருவது பெரும்பாலும் பரிகாரத்துக்கு. கல்யாணம் தட்டிப்போகிறது, குழந்தை இல்லை, ராகு கேது சரியில்லை என்று ஜோஸ்யர் சொல்லியிருப்பார். கல்லில் நாகம் அடித்து வைக்க வேண்டும். இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து முகத்தோடு முகம் பார்க்கும். பின்னலின் இடைவெளியில் சிறு லிங்கம். கல்லை நீரில் ஒரு மண்டலம் போட்டுவைத்து எடுத்துப் பிரதிஷ்டை செய்வது முறை. பிறகு மஞ்சள், குங்குமம், பால். கல் அழகாக இருக்கிறதா என்று கேட்கிறவரை நான் பார்த்ததில்லை. முறையாக இருக்கிறதா என்று கேட்பார்கள். பின்னலில் பிழை இருந்தால் அது ரசனைக் குறைவல்ல, தோஷம் தீராது. உருவத்துக்கு இவ்வளவு பொறுப்பைச் சுமத்திய விமர்சனம் நம் பத்திரிகைகளில் எழுதப்பட்டதேயில்லை.

பங்குனியில் இங்கிருந்து பழனிக்குக் காவிரித் தீர்த்தம் போகிறது. கொங்கு நாட்டின் பல ஊர்க்காரர்கள் குடத்தில் மொண்டு, அதில் வன்னி இலையைப் போட்டு, காவடி கட்டி நடப்பார்கள். இலை நீரைக் கெடாமல் வைக்கும் என்பது நம்பிக்கை. குடம், இலை, காவடி என்று மூன்று நல்ல 'டிசைன்' இதில் இருப்பதை எந்த மாணவனும் ஐந்து நிமிஷத்தில் வரைந்துவிடுவான். இலை எதற்காக உள்ளே கிடக்கிறது என்பதுதான் வரைபடத்துக்கு வெளியே நிற்கிறது. சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில் நமது லோட்டாவைக் கண்டு அதிசயித்தார்கள். எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், பிறருக்குக் கொடுக்க எப்படியிருக்கும் என்றெல்லாம் கேள்விகளை அடுக்கினார்கள். அருமையான கேள்விகள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் வந்தது. ஆனால் யார் தொட்டால் அந்தச் செம்பு தீட்டாகும் என்ற கேள்வி பட்டியலில் இல்லை. செம்பின் வரலாற்றில் பாதி அதுதான்.

கொடுமுடியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஈரோடு. 1879இல் அங்கே ஈ.வெ.ரா. பிறந்தார், 1925இல் 'குடி அரசு' அங்கிருந்து வந்தது. எந்தச் சின்னங்களை ஓவியப் பள்ளி மாணவன் பொறுக்கி எடுத்தானோ அவற்றையே மூடநம்பிக்கை என்று நாற்பது வருஷமாகத் தமிழ்நாட்டின் மேடைகள் முழங்கிக்கொண்டிருந்தன. 1967இல் அந்த மேடையின் பிள்ளைகள் ஆட்சிக்கே வந்துவிட்டார்கள். ஓவியங்களில் இதன் சலனம்கூட எனக்குத் தென்படவில்லை. இந்த மௌனத்தை யாரும் விசாரிக்கவில்லை.

1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் ஈ.வெ.ரா. களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். வழக்கு நடந்தது. அடுத்தடுத்த நீதிமன்றங்கள், கோயிலில் பிரதிஷ்டை செய்யப்படாத வெறும் மண்பொம்மை புனிதப் பொருளாகாது என்று தள்ளிவிட்டன. 1958இல் உச்சநீதிமன்றம் அந்த வியாக்கியானத்தை ஏற்கவில்லை. தன்னளவில் மதிப்பில்லாத அற்பப் பொருளாயினும் ஒரு சாரார் அதைப் புனிதமென்று கருதினால் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்றது. காலம் கடந்துவிட்டதால் மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விட்டும்விட்டது. அழகியல் பற்றிய தீர்ப்பாக இதை யாரும் படித்ததில்லை, நான் படிக்கிறேன். புனிதம் வடிவத்தில் இல்லை, பொருளிலும் இல்லை, கருதுகிறவர்களிடம் இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, வடிவத்தை மட்டும் பிரதி எடுத்து வருகிறவன் கையில் என்ன இருக்கிறது? பிள்ளையாரை உடைத்தவருக்கு அதன்மீது ஒரு வழக்கு இருந்தது. அது சொல்வது பொய் என்று சொல்லும் அளவுக்கு அது எதையோ சொல்கிறது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறவனுக்கு அந்த வழக்குகூட இல்லை.

எல்லோரையும் இப்படித் தள்ளிவிட முடியாது. பணிக்கர் இருக்கிறார். 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை. ஆரம்பத்தில் கணிதக் குறிகள், ரோமன் எழுத்து, எண்கள். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் அவருக்கு இதைத் திறந்துவிட்டதாகச் சொல்வார்கள். பிறகு மலையாள எழுத்துப் போன்ற எழுத்து, ஜாதகத்தை ஒத்த கட்டங்கள், ஓரத்தில் மீன், பறவை. கிட்டே போய்ப் படித்தால் ஒன்றும் படிக்க முடியாது. மலையாளிக்கும் முடியாது. இதை மேல்நாட்டு அரூப ஓவியத்தின் செல்வாக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தாயத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தகட்டில் கீறுவார்கள், சுருட்டுவார்கள், குப்பிக்குள் அடைத்து அரக்கு வைப்பார்கள். கட்டிக்கொண்டவன் ஆயுசுக்கும் அதைப் படிக்கப்போவதில்லை. பிரித்துப் பார்த்தால் பலன் போய்விடும். எழுத்து அங்கே சொல்வதற்காக இல்லை, இருப்பதற்காக இருக்கிறது.

ஆசியா முழுவதும் இப்படித்தான். தாவோ பூசாரி மஞ்சள் தாளில் சிவப்பு மையால் எழுதும் சீட்டில் சீன எழுத்துகள் திரிந்து, நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாசிப்புக்கு அப்பால் போய்விடும். அதைக் கொளுத்திச் சாம்பலை நீரில் கரைத்துக் குடிப்பதும் உண்டு. தாய்லாந்தில் முதுகில் யந்திரம் பச்சை குத்திக்கொள்கிறவர்களுக்கு அது தாய் எழுத்தில் இருப்பதில்லை, கெமர் எழுத்தின் ஒரு வடிவத்தில் இருக்கும். குத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர்க்கு அதைப் படிக்கத் தெரியாது. கெமர் எழுத்துக்கு மூலம் நமது பல்லவர் எழுத்து. காஞ்சியிலிருந்து சாசனம் எழுதப் போன எழுத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்து கடைசியில் ஒருவன் முதுகில் படிக்க முடியாததாகி, அதனாலேயே அவனைக் காக்கிறது. பணிக்கரின் பக்கம் இந்தப் பரம்பரையில்தான் வருகிறது. அவர் யந்திரத்தைப் பிரதி எடுக்கவில்லை. யந்திரத்தின் முன்னால் நிற்கும் சாதாரணன் எதை அனுபவிக்கிறானோ அதை, தமக்குப் புரியாத ஒன்றின் எதிரே நிற்கும் நிலையை, நம்பிக்கை இல்லாமலேயே உண்டாக்கிவிட்டார். தாயத்து காக்கும்; இது காக்காது. அந்த வித்தியாசத்தை அவர் மறைக்கவுமில்லை.

அவருடைய மாணவர் கே. வி. ஹரிதாஸன் நேராக யந்திரத்துக்கே போனார். முக்கோணம், பிந்து, பளிச்சென்ற வர்ணம், பிசகாத சமச்சீர். படிப்பும் உழைப்பும் அதில் உண்டு. ஆனால் காலம் அவருக்கு ஒத்தாசை செய்த விதம் சந்தேகத்தைக் கிளப்புகிறது. 1966இல் அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை பற்றிய புத்தகம்; 1971இல் லண்டன் ஹேவர்ட் கலைக்கூடத்தில் தந்திரக் கண்காட்சி; 1985இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'நவ தந்திரம்' என்றே பெயரிட்டு ஒரு காட்சி. மேற்கு கேட்டது, நாம் கொடுத்தோம். பூஜைக்கு வரைந்த யந்திரத்துக்கு ஒரு பக்கம் கிழக்கு. கண்காட்சிச் சுவருக்குத் திசை கிடையாது. இதைத் தாண்டி அந்த ஓவியங்களில் எனக்குச் சொல்ல அதிகமில்லை.

பி. வி. ஜானகிராம் விஷயம் வேறு. கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்திலிருந்து அவர் எடுத்தது சின்னத்தையல்ல, தட்டுவதை. தகட்டைப் பின்புறத்திலிருந்து தட்டி முன்புறம் எழுப்புவது, அதன்மேல் கம்பியைப் பற்றவைப்பது. முன்னாலிருந்து மட்டுமே பார்க்க வேண்டிய சிற்பம். மேற்கத்திய இலக்கணப்படி சிற்பத்தைச் சுற்றிவர வேண்டும். கவசத்தைச் சுற்றிவர முடியாது. அதன் பின்னால் சாமி இருக்கிறது. ஜானகிராமின் தகட்டுக்குப் பின்னால் சாமி இல்லை, காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தையே அவர் சிற்பமாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் மாரியம்மனுக்குக் கண்நோய் தீர்ந்தவர்கள் வெள்ளித் தகட்டில் கண்மலர் சாத்துவார்கள். கை, கால் என்று மண்ணில் உருவாரம் செய்து வைப்பார்கள். அந்தத் தகட்டின் மெல்லிய விளிம்பை அவருடைய கிறிஸ்துவின் முகத்திலும் பார்க்கிறேன். கை வழியாகப் போனால் மதம்கூட மாறிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஜே. சுல்தான் அலி, ஒரு முஸ்லிம், பஸ்தர் ஆதிவாசிகளின் உருவங்களுக்குள் அவ்வளவு தூரம் போனதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

புதுக்கவிதையில் நாகத்தையும் யந்திரத்தையும் போடுகிறவர்கள் ஹரிதாஸன் வழியில்தான் பெரும்பாலும் போயிருக்கிறார்கள். சின்னம் வந்துவிடுகிறது, அதைத் தட்டிய கை வருவதில்லை. ஜோஸ்யரின் பேச்சுக்கு ஒரு வாக்கிய அமைப்பு உண்டு. பரிகாரம் சொல்லும் முறைக்கு ஒரு நடை உண்டு. நேர்ந்துகொள்பவளின் பேச்சில் சாமியை ஒருமையில் விளித்து மிரட்டும் ஒரு தொனி உண்டு. இவற்றைக் கேட்டு எழுதிய கவிஞர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்த வரலாற்றில் சான்றுகள் ஒரு பக்கமாகவே கிடைக்கின்றன. கித்தான்கள் கலைக்கூடங்களில் இருக்கின்றன, பட்டியல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சோறு போட்ட பாட்டிக் துணிகள் விற்பதற்கென்றே செய்யப்பட்டவை. மேஜை விரிப்பாகவும் புடவையாகவும் திரைச்சீலையாகவும் போயின. பல பேருடைய கை பட்டவை, பெரும்பாலும் கையெழுத்தில்லாதவை. எந்த நாகம் எந்த மாணவன் வரைந்தது என்று இனிச் சொல்ல முடியாது.