கூலிக்கு ஆடுதல்: கோலார் தங்கவயலிலிருந்து மின்விளையாட்டு அரங்கு வரை

மின்விளையாட்டு வீரர்களின் ஒழுக்கம் குறித்த இன்றைய விவாதங்களில் விளையாட்டுணர்வு, தொழில்முறைப் பண்பு என்னும் இரு சொற்களும் இரட்டைப் பிறவிகள்போலச் சேர்ந்தே வருகின்றன. இவை ஒருகாலத்தில் ஒன்றையொன்று விலக்கி நின்ற சொற்கள். இங்கிலாந்தில் 1866இல் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம், உறுப்பினராகத் தகுதியற்றோரை வரையறுத்தபோது பணத்துக்கு ஓடுபவரை மட்டும் விலக்கி நிற்கவில்லை. கைத்தொழிலாளரையும் கூலியாளரையும் சேர்த்தே விலக்கியது. உடலுழைப்பால் பிழைப்பவருக்கு விளையாட்டுணர்வு வாய்க்காது என்பது அதன் உட்கிடை. கிரிக்கெட்டில் ‘கனவான்கள்’, ‘ஆட்டக்காரர்கள்’ என்ற பிரிவு 1962 வரை நீடித்தது. ஊதியம் பெற்றவர் தனி அறையில் உடைமாற்றித் தனி வாசல் வழியே களமிறங்கினார். ஆட்டப் பட்டியலில் அமெச்சூரின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும் தொழில்முறை ஆட்டக்காரரின் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னும் அச்சிடப்படும் அளவுக்கு அந்தக் கணக்கு நுட்பமானது.

இந்த மனப்பாங்கு தென்னிந்தியாவில் எப்படி இறங்கியது என்பதைக் காணக் கோலார் தங்கவயல் ஏற்ற இடம். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே காலூன்றியது. இங்கிலாந்திலிருந்து வந்த பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் திடல் எல்லாம் அமைந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சென்றவர்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்ததும், அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்து வெளிவந்ததும் இந்த மக்களால்தான். கால்பந்து, ஹாக்கி, குத்துச்சண்டை ஆகியவை தொழிலாளர் குடியிருப்புகளின் சொந்த ஆட்டங்களாயின.

மேட்டில் ஆடியவர் கனவானாகக் கருதப்பட்டார். பள்ளத்தில் வாழ்ந்தவர் திருடக்கூடியவராகக் கருதப்பட்டார். பணிமுறை முடிந்து மேலே வரும் தொழிலாளி சோதனைக்கு உட்பட்டான். பொன்திருட்டைத் தடுக்கக் காவலும் தனி விதிகளும் இருந்தன. திருட்டு நடக்கவே இல்லை என்று சொல்வது வரலாறாகாது. பொன்கல்லைக் கடத்தி விற்கும் வழிகள் இருந்தன. அவற்றில் பயனடைந்தோர் தொழிலாளர் மட்டுமல்லர். ஆனால் ஐயம் என்னும் சுமை ஒரு பிரிவினர்மீது மட்டுமே ஏற்றப்பட்டது. தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது 1930 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். போராட்டம் 21 நாள் நீடித்தது. மைசூர் அரசில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது 1940களில்தான் என்பதை நினைத்தால் அதன் வலு புரியும். கூலி உயர்வைவிடக் கைரேகை என்னும் அவமதிப்பே அவர்களை ஒன்றுதிரட்டியது. குற்றவாளியிடம் எடுக்கப்படுவது கைரேகை என்ற பொதுப்புரிதல் அன்று வலுவாக இருந்தது.

விளையாட்டுக் களத்தில் இதே ஐயத்தை எதிர்கொண்டவருக்கு எடுத்துக்காட்டு பல்வங்கர் பாலு. தார்வாரில் பிறந்த இந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் புனே ஜிம்கானாவில் மாதம் நான்கு ரூபாய் கூலிக்கு ஐரோப்பியருக்குப் பந்துவீசிப் பழகியவர். பிறகு இந்துக்கள் அணியில் ஆடியபோதும் தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளை, கூடாரத்துக்கு வெளியே. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பாலுவின் நடத்தையில் எவரும் குறைகண்டதில்லை. அப்படியிருந்தும் அணித்தலைமை அவருக்கு எட்டவில்லை.

தங்கவயல் சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் நடுவணரசுக்கும் கைமாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. பொதுத்துறைக் காலம் இந்திய விளையாட்டுக்கு ஓர் இடைவழியைத் தந்தது: அலுவலகப் பட்டியலில் ஊழியர், களத்தில் ஆட்டக்காரர். பெயரளவில் அமெச்சூர், நடைமுறையில் தொழில்முறை. இந்தப் போலித்தனத்தை விமர்சிப்பது எளிது. ஆனால் ஆடும் ஆண்டுகள் முடிந்த பின்னும் சம்பளமும் ஓய்வூதியமும் தந்த ஏற்பாடு அது ஒன்றுதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியலில் புறப்படும் ரயில்களே ஊரின் பிழைப்பாயின.

இனி மின்விளையாட்டு. இதற்கு அமெச்சூர் முன்வரலாறு ஏறத்தாழ இல்லை. பரிசுத்தொகை, விளம்பரதாரர், அணி உரிமையாளர் என்றே அது வளர்ந்தது. ஆகவே ‘தொழில்முறை’ இங்கே இழிசொல்லாக இருந்ததில்லை, பாராட்டுச்சொல்லாகவே பிறந்தது. அதே வேகத்தில் மோசடியும் வந்தது. தென் கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் வீரர்கள் சூதாட்டத்துக்காகத் தோற்றுக்கொடுத்தது 2010இல் அம்பலமானது. இந்தியாவின் பெயர் உலகமெங்கும் பேசப்பட்டது 2018 அக்டோபரில். ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ‘ஃபோர்சேக்கன்’ குறிபார்க்க உதவும் கள்ள மென்பொருளுடன் சிக்கினார். கோப்புக்கு ‘வேர்டு’ என்று பெயர் வைத்திருந்தார். நடுவர் கணினியைப் பார்க்க வந்ததும் அதை அழிக்க முயன்ற காட்சி இன்றும் கேலிப்பொருள். முன்பே ஒருமுறை தண்டனை பெற்றவர் அவர். இம்முறை ஐந்தாண்டுத் தடை. கேலியில் மறைந்துபோனது வேறொன்று: அணியே கலைக்கப்பட்டது, குற்றமற்ற மற்ற நால்வரும் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களுக்காகப் பேச எந்தச் சங்கமும் இல்லை.

இதனருகே 2021 ஜூன் 13ஐ வைத்துப் பார்க்கலாம். கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் இணையத்தில் பிரபலங்களுடன் சதுரங்கம் ஆடினார். நிதி நிறுவன அதிபர் நிகில் காமத் அவரை வென்றார். பின்னர் கணினியின் உதவி இருந்ததை ஒப்புக்கொண்டார். பலகையிலிருந்த நிலையை மட்டும் பார்த்து ஆடியதாகவும், மற்றவரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சுருக்கமாக எழுதினார். முடக்கப்பட்ட காமத்தின் கணக்கு விரைவில் மீட்கப்பட்டது. அது பரிசில்லாத, தரவரிசைக்குச் சேராத, நற்பணி ஆட்டம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இரு குற்றங்களும் ஒரே எடை கொண்டவை என்று யாரும் சொல்லமாட்டார். ஆயினும் பிழைப்புக்கு ஆடியவரின் பிழை இழிவாகவும், பொழுதுபோக்க ஆடியவரின் பிழை வேடிக்கையாகவும் எண்ணப்பட்டதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய தராசு தெரியத்தான் செய்கிறது.

விதியே விளையாட்டுணர்வின் இடத்தை எடுத்துக்கொள்ளும் தருணங்களும் உண்டு. 2020 ஆகஸ்டு 30 அன்று இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதியாட்டத்தில் உலகளாவிய இணையக் கோளாறால் நிஹால் சரீன், திவ்யா தேஷ்முக் இருவரும் நேரம் இழந்து தோற்றனர். இந்தியா முறையிட்டது, ரஷ்யாவும் இந்தியாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. இந்தியாவில் இது பெருந்தன்மையின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. இரண்டு நாள் முன்பு காலிறுதியில் அதே இந்திய அணிக்கு எதிராக இணைப்பை இழந்த ஆர்மீனிய வீரரின் முறையீடு தள்ளப்பட்டதும், ஆர்மீனியா எதிர்ப்புத் தெரிவித்துப் போட்டியிலிருந்து விலகியதும் அவ்வளவாக நினைவில் இல்லை. ஒன்று உலகக் கோளாறு, மற்றது ஒருவரின் இணைப்புக் கோளாறு என்ற வேறுபாடு தொழில்நுட்ப அளவில் சரிதான். தோற்ற ஆட்டக்காரரின் இருக்கையிலிருந்து பார்த்தால் திரை உறைந்தது இரண்டிலும் ஒன்றே.

ஐயத்தின் கருவிகளும் இப்போது நுணுகிவிட்டன. 2020இல் வேலரன்ட் ஆட்டத்தோடு வந்த வேன்கார்டு என்னும் கண்காணிப்பு மென்பொருள், கணினி உயிர்பெறும் கணத்திலேயே அதன் அடித்தளத்தில் அமர்ந்துகொள்கிறது. ஆடுபவர் அனைவரும் சோதனைக்குரியவரே. தங்கவயல் வாசலோடு இதை அப்படியே பொருத்துவது மிகை: இங்கே நேர்மையான வீரரே சோதனையை வேண்டுகிறார், ஏமாற்றுக்காரரால் முதலில் நட்டப்படுபவர் அவர்தான். ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. சுரங்க வாசலில் மேலாளர் சோதிக்கப்படவில்லை. இங்கும் சம்பளத்தை இழுத்தடிக்கும் அணி உரிமையாளரைச் சோதிக்கும் மென்பொருள் எதுவும் இல்லை. ‘தொழில்முறையாக நடந்துகொள்’ என்ற அறிவுரை ஒரு திசையில் மட்டும் பாய்கிறது.

இந்திய வீரர்களைப் பொறுத்தவரை அந்த ஒருதிசைத்தன்மைக்கு அரசாணைகளும் துணைநின்றன. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. அதன் இந்திய வடிவம் 2021இல் வந்து, ஒரு கோடி ரூபாய்ப் பரிசுத்தொகையுடன் போட்டி நடந்து, 2022 ஜூலையில் மீண்டும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. இடைப்பட்ட பத்து மாதங்களில் பயிற்சியும் ஒழுக்கமும் குறையாத ஒரு வீரர் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. 2022 டிசம்பரில் மின்விளையாட்டு இளைஞர்நலன், விளையாட்டு அமைச்சகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவிளையாட்டுச் சட்டம் அதைப் பணம்கட்டி ஆடும் ஆட்டங்களிலிருந்து பிரித்து விளையாட்டாக ஏற்றது. சூதாடி என்ற பழி சட்டப்படி நீங்கியிருக்கிறது. வீரரின் ஒப்பந்தம், சம்பளப் பாக்கி, அணி கலையும்போது இழப்பீடு ஆகியவை இன்னும் அணி உரிமையாளரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கின்றன.