மேல்நோக்கிய மரமும் மண்ணுக்குள் இருக்கும் வேரும்

உத்திரமேரூர் என்றாலே எல்லாருக்கும் குடவோலைதான் ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) பள்ளிப் புத்தகத்திலேயே வந்துவிட்டன. முப்பது குடும்பு, ஓலையில் பேர், குடத்துக்குள் கைவிடும் சின்னப் பையன், 360 நாள் பதவி. இதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் அதே கல்வெட்டில் பலரும் வாசித்துவிட்டுக் கடந்துபோகும் ஒரு பெயர் இருக்கிறது. தோட்ட வாரியம்.

குடவோலையில் தேர்வான முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சம்வத்சர வாரியம்தான் மூத்தது. அதற்கு, தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் ஏற்கெனவே செய்தவர்களையும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும்தான் எடுத்தார்கள். தோப்பையும் ஏரியையும் பார்த்துக்கொண்ட அனுபவம் அன்றைக்கு ஊர் நிர்வாகத்தில் ஒரு தகுதி!

தோட்ட வாரியம் தினமும் என்ன செய்தது என்று அந்தக் கல்வெட்டு வரிசை போட்டுச் சொல்லவில்லை. அது தேர்வு முறையைத்தான் விரிவாகச் சொல்கிறது. அதனால் 'சோழர் காலத்திலேயே மரப் பாதுகாப்புத் துறை இருந்தது' என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. ஆனால் அந்தக் காலத்து மக்கள் மரத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி இருக்கிறது. அதுதான் நில ஆவணங்கள்.

சோழர் கால நிலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் தொடர் ஒன்று: மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும். நிலத்தை விற்றாலும் தானம் கொடுத்தாலும் இவை இரண்டும் அதோடு சேர்ந்தே போகும். பிரமதேயச் செப்பேடுகளில் சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம் என்ற உரிமைகள் பக்கத்துப் பக்கத்திலேயே வரும். வீடு, கிணறு, மரம் மூன்றும் ஒரே மூச்சில். உங்க வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. 'மாவடை மரவடை' என்று ஒரு வார்த்தை இருக்கக்கூடும். அதுவும் இதே மரபில் வந்ததுதான்.

அழகான தொடர்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பாதிதான் இருக்கிறது. மரம் மேலே மட்டுமா பார்க்கிறது?

சில வருஷம் முன்னால் உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் கால்வாய்க்குப் பள்ளம் எடுத்தார்கள். ஓரத்தில் நாலு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத ஒரு புளியமரம். அதன் அடியில் இருந்து நாலடி தள்ளி ஜேசிபி போய்க்கொண்டிருந்தது. தொடை பருமன் வேரெல்லாம் பிய்ந்து தொங்கியது. "என்னங்க இப்படிப் பண்றீங்க"ன்னு கேட்டேன். டிரைவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மரத்த நாங்க தொடவே இல்லையே சார்!" அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும், வேலையை எடுத்தவருக்கும், கிட்டத்தட்ட நம்ம எல்லாருக்கும் மரம் என்பது தரைக்கு மேலே இருப்பதுதான். ரெண்டு வருஷத்தில் அதன் உச்சிக் கிளைகள் காய்ந்தன. மூணாவது வருஷம் 'பட்டுப்போன மரம், ஆபத்து' என்று வெட்டிவிட்டார்கள். எதனால் பட்டுப்போனது என்று யாரும் கேட்கவில்லை.

மரத்தின் வேர் கிணறு மாதிரி நேராகக் கீழே போகும் என்று நினைக்கிறோம். பெரிய மரங்களின் வேரில் பெரும்பகுதி மேல் மூன்றடி மண்ணுக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளை விரிப்பையும் தாண்டிப் போகும். அதனால் வேரை அறுக்க ஆழமாகத் தோண்டவே வேண்டாம், ஒரு கால்வாய்ப் பள்ளம் போதும். பள்ளம் எடுக்காமலும் மரத்தைக் கொல்லலாம். வீட்டு மட்டத்தை உயர்த்த மரத்தடியில் ரெண்டடி சவுடு கொட்டினால் வேருக்குக் காற்று போகாது. லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்கினால் மண் இறுகிவிடும். கலவை இயந்திரத்தைக் கழுவி ஊற்றும் சிமெண்ட் தண்ணீர் மண்ணின் தன்மையையே மாற்றிவிடும்.

இதில் மனுஷ உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் ஒரு மரம் காரின் மேல் சாய்ந்து, உள்ளே இருந்த வங்கி மேலாளர் ஒருவர் இறந்துபோனார். பக்கத்தில் நடந்த மழைநீர் வடிகால் பணிதான் காரணமா என்று கேள்வி எழுந்தது. மாநகராட்சி மறுத்தது. அந்த ஒரு மரத்தின் விஷயம் எதுவாக இருந்தாலும், ஒரு பக்கத்து வேரை இழந்த மரம் காற்றில் நிற்க முடியாது என்பது பொதுவான உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1955-இல் ஒரு மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் அது மலைப் பகுதிகளுக்கு. அரசு நிலத்து மரங்களை வெட்டுவதைப் பரிசீலிக்க 2021-இல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நல்ல விஷயம். ஆனால் அங்கே போகும் கேள்வி 'வெட்டலாமா' என்பது. 'பக்கத்தில் தோண்டலாமா' என்று கேட்டுக்கொண்டு யார் போகிறார்கள்? 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லியில் மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. தண்ணீர் இறங்க அது உதவும். பள்ளம் தோண்டும்போது ஒரு மீட்டர் எந்த மூலைக்கு?

பிரிட்டிஷ் கட்டுமானத் தர விதி ஒன்று (2012) இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ, அதைப் போல 12 மடங்கு ஆரத்துக்குள் வேலை செய்யக் கூடாது. நம்ம ஊர் வழியில் சொன்னால், மரத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி அளந்து, அந்தக் கயிற்றைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு தூரம். சுற்றளவு பத்தடி என்றால் சுமார் நாற்பது அடி.

இயந்திரம் வருவதற்கு முன்னால் அந்தத் தூரத்தில் கம்பு நட்டு வேலி கட்டிவிட வேண்டும். அதற்குள் மணல், ஜல்லி, சிமெண்ட் எதுவும் இறக்கக் கூடாது. குழாய் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்றால் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக் கையால் தோண்டி, பெரிய வேருக்கு அடியில் குழாயை நுழைக்கலாம். வேலை முடியும்வரை மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய செலவில்லை. வேலை ஆரம்பிக்கும் முன் ஒருவர் நினைத்துப் பார்த்தால் போதும்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கல்வெட்டுக்கு இந்த மரியாதை தேவைதான். அந்தக் கல்வெட்டில் 12 பேர் கொண்ட ஒரு வாரியத்துக்கே தோட்டத்தின் பெயர் வைத்திருக்கிறது. அதே ஊர்ச் சாலையோரப் புளியமரத்துக்கு நாற்பது அடி விட நமக்கு மனசு வருமா?