விலையும் ஒலித்தரமும்: தமிழகக் கேட்பு வரலாற்றில் மலிவு ஒலிச்சாதனங்கள் (காஞ்சிபுரம் ஐயம்பேட்டை நெசவுச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

விலை மிகுந்த ஒலிச்சாதனங்களுக்கு மலிவான சாதனங்கள் ஈடாகுமா என்னும் வினா பெரும்பாலும் நுகர்வோர் வினாவாகவே கருதப்படுகிறது. இக்கட்டுரை அதனை வரலாற்று வினாவாக அணுகுகிறது. இசைத்தட்டு, குழாய் ஒலிபெருக்கி, ஒலிநாடா ஆகிய மூன்று கட்டங்களில் தமிழக மக்கள் எவற்றின் வழியாகக் கேட்டனர், அக்கேட்பின் தரத்தை எவை தீர்மானித்தன என்பதை ஆராய்கிறது. மலிவுச் சாதனத்தின் தரத்தை அது பயன்பட்ட சூழலிலிருந்து பிரித்து மதிப்பிட இயலாது என்பதும், அவ்வாறு பிரித்து மதிப்பிட்டதால் ஒலிநாடாக் காலப் பதிவுகள் ஆவண மதிப்புப் பெறாமல் போயின என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: ஒலிச்சாதனம், இசைத்தட்டு, ஒலிநாடா, குழாய் ஒலிபெருக்கி, நெசவுச் சூழல், ஆவணக் காப்பு.

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள ஐயம்பேட்டை நெசவாளர் குடியிருப்பாக அறியப்பட்ட ஊர். பட்டின் தரத்தை விரலால் தொட்டும், சேலையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தும் அறியும் மரபு இவ்வட்டாரத்திற்கு உண்டு. விலைக்கும் தரத்திற்கும் உள்ள உறவு இங்குத் தொழில்சார்ந்த அறிவாகும். ஒலிச்சாதனத்தைப் பொறுத்தவரை இத்தகைய பரிசோதனை மரபு பொதுமக்களிடம் உருவாகவில்லை. வணிகப் பெயரும் விலைச்சீட்டுமே தரத்தின் அடையாளங்களாயின. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

இசைத்தட்டுக் காலம்

1902ஆம் ஆண்டில் கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தாவில் இந்தியப் பதிவுகளைத் தொடங்கினர். அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னிந்தியக் கலைஞர்களின் குரல்களும் தட்டுகளில் ஏறின. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அவ்வாறு பதிவு பெற்ற தொடக்ககாலக் கலைஞர்களுள் ஒருவர். நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழன்ற அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே இசைத்தது. விரிவான ஆலாபனைக்கோ இரவு முழுதும் நிகழும் கூத்திற்கோ அதில் இடமில்லை. 1925இல் மின்வழிப் பதிவு நடைமுறைக்கு வந்தபின் ஒலியின் தெளிவு கூடியதே அன்றி, கால அளவு மாறவில்லை.

இக்கட்டத்தில் சாதனம் வசதி படைத்தோரின் உடைமை; கேட்பதோ பலருடைய அனுபவம். கடைத்தெருவிலும் திருமண வீட்டிலும் ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் நின்று கேட்டனர். 1938இல் சென்னை வானொலி நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கிய பின்னரும் பொது இடத்துக் கேட்பு நீடித்தது. உடைமையாளரின் எண்ணிக்கையைக் கொண்டு கேட்போரின் எண்ணிக்கையைக் கணிக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

குழாய் ஒலிபெருக்கியும் பயன்சார் தரமும்

கோயில் திருவிழாவிலும் அரசியல் மேடையிலும் இடம்பெற்ற குழாய் ஒலிபெருக்கி, இசை நுகர்வோரால் தரம் குறைந்ததாகவே கருதப்பட்டது. அதில் தாழ்ந்த சுரங்கள் ஏறக்குறைய ஒலிப்பதில்லை. உயர்ந்த சுரங்கள் கூர்மையாகக் காதைத் தைக்கின்றன. எனினும் மனிதப் பேச்சின் பொருளை உணர்த்தும் ஒலிகள் பெரும்பாலும் நடுத்தர அதிர்வெண்களில் அமைந்தவை. மரபான தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்திப் பேச்சைப் புரியவைத்தது. குழாயின் வடிவமோ குறைந்த மின்திறனில் மிகுந்த ஒலியைத் தொலைவுக்கு அனுப்ப வல்லது.

1909இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரையின் தலைமுறை மேடைத் தமிழை மக்கள் ஊடகமாக்கியது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் திறந்தவெளியின் கடைசி வரிசை வரை சென்று சேர இத்தகைய மலிவான, உறுதியான கருவிகள் உதவின. இசையரங்கிற்குரிய உயர்தர ஒலிபெருக்கி அப்பணிக்குப் பொருந்தியிருக்காது. ஆகவே தரம் என்பது பயன்பாட்டைச் சார்ந்து அளக்கப்பட வேண்டியது.

ஒலிநாடாவும் உள்ளூர்த் தொழில்நுட்பமும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அதன் பரவல் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் விரைவு பெற்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில், 1969இல் உருவான சென்னைப் பர்மா பஜாரும் சிங்கப்பூர், வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோரின் பெட்டிகளும் ஜப்பானியச் சாதனங்களின் வாயில்களாயின. 'ஃபாரின் செட்' என்னும் சொல்லாட்சி ஒலித்தரத்தையும் சமூக மதிப்பையும் ஒருசேரக் குறித்தது.

அதற்கு மாற்றாக எழுந்தது 'அசெம்பிள்டு செட்'. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கி, உள்ளூர் வானொலிப் பழுதுபார்ப்போர் ஒலிபெருக்கிகளை இணைத்துக் கொடுத்தனர். மரப்பெட்டிக்கு மாற்றாக மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தும் வழக்கமும் பரவியது. இதை வேடிக்கையாகக் கருதுவோர் உளர். ஆனால் பானை ஓர் ஒத்ததிர்வு அறை. அதன் கொள்ளளவுக்கும் வாயின் பரப்புக்கும் ஏற்ற ஒரு தாழ்சுரத்தை அது வலுப்படுத்துகிறது. காற்றறையின் ஒத்ததிர்வைக் கொண்டு தாழ்சுரத்தைப் பெருக்கும் துளைப்பெட்டிக்கு அமெரிக்கரான துராஸ் 1932இல் காப்புரிமை பெற்றார். விலையுயர்ந்த பெட்டிகள் பலவற்றில் இன்றும் பயன்படுவது அவ்வமைப்பே. அடிப்படைக் கொள்கை ஒன்று, துல்லியம் வேறு. பானை ஒரு சுரத்தை மட்டும் மிகைப்படுத்துகிறது. கணக்கிட்டுச் செய்த பெட்டி அம்மிகையைச் சமன்செய்கிறது.

வட இந்திய ஒலிநாடாப் பண்பாட்டைப் பற்றிய பீட்டர் மானுவலின் நூல் (1993), மலிவான ஊடகம் பெருநிறுவனத்தின் ஏகபோகத்தை உடைத்ததைக் காட்டியது. தமிழகத்திலும் இதற்கு ஒப்பான மாற்றம் நிகழ்ந்தது. விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து வெற்று நாடாவில் பதிந்து பெறும் கடைகள் சிறுநகரங்கள்தோறும் தோன்றின. பக்கத்திற்கு 45 நிமிடம் பதியும் நாடா, இசைத்தட்டில் அடங்காத நெடிய நிகழ்வுகளுக்கு இடமளித்தது.

தறியொலியின் நடுவே கேட்பு

ஒலித்தரம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமைதியான அறையை முன்னிறுத்துகின்றன. நெசவாளர் வீட்டின் நிலை வேறு. குழித்தறியில் மிதிபலகையும் நாடாவும் பண்ணையும் எழுப்பும் தாளம் நாள் முழுதும் ஓயாதது. கோர்வை நெசவில் துணையாள் ஒருவரும் உடனிருப்பார். அங்கு வானொலியும் பாட்டுப்பெட்டியும் கைவேலைக்குத் துணை.

குறுந்தகட்டின் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபல்; இரைச்சல் குறைப்பு இல்லாத சாதாரண ஒலிநாடாவின் வீச்சு அதில் பாதியைச் சற்றே கடந்தது. அமைதியான அறையில் இவ்வேறுபாடு தெளிவாகக் கேட்கும். தறி இயங்கும் கூடத்திலோ நாடாவின் இரைச்சல் தறியொலியில் மறைந்துவிடும். குறுந்தகட்டின் மென்மையான பகுதிகளும் அவ்வாறே மறையும். எனவே அங்கு விலையுயர்ந்த சாதனம் தரும் கூடுதல் பயன் செவிக்கு எட்டுவதில்லை. இது கேட்போரின் இரசனைக் குறைவன்று. ஒலியியலின் மறைப்பு விளைவு.

சோதனைகள் காட்டுவன

மேலைநாட்டுச் சோதனைகள் இவ்வினாவிற்குத் துணைச்சான்றுகள் தருகின்றன. 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் 40 பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளைச் சோதித்தனர். கருவியைக் கண்ணால் காணும்போது மலிவான சிறு கருவி குறைந்த மதிப்பெண் பெற்றது. திரைக்குப் பின் வைத்தபோது அது பெரிய கருவிகளை நெருங்கியது. 2007இல் மேயர், மோரன் ஆகியோர் உயர்நுண்மைப் பதிவையும், அதனைக் குறுந்தகட்டுத் தரத்திற்கு மாற்றிய ஒலியையும் வேறுபடுத்தச் சொன்னபோது, 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாயின. நாணயம் சுண்டினாலும் இவ்விளைவே கிட்டும். 2017இல் பிரேபார்ட் 283 தலையணி ஒலிபெருக்கிகளின் அதிர்வெண் அளவீடுகளை ஆராய்ந்து, அவற்றிற்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றார்.

இவற்றைக் கொண்டு எல்லாச் சாதனமும் ஒன்றே என முடிவுசெய்வது பிழை. மின்னணுப் பெருக்கியும் எண்முறைக் கருவியும் தொழில்நுட்ப முதிர்ச்சி எய்தியவை. அங்கு மலிவானது விலையுயர்ந்ததற்குப் பெரிதும் ஈடாகிறது. ஸ்பீக்கர் இயந்திரப் பொருள். ஆழ்ந்த தாழ்சுரத்தை உரத்து எழுப்ப மிகுந்த காற்றை அசைக்க வேண்டும். அதற்குப் பரப்பும் கொள்ளளவும் உறுதியான கட்டமைப்பும் தேவை. சிறிய, மலிவான பெட்டி இவ்வெல்லையைக் கடப்பதில்லை.

பட்டின் விலையும் ஒலியின் விலையும்

காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். சரிகையின் வெள்ளி அளவைச் சோதித்தறியலாம். உடலும் கரையும் இணைந்த கோர்வையைப் பின்புறத்தில் காணலாம். இங்கு உயர்ந்த விலைக்குப் பின்னே எடையிட்டுக் காட்டத்தக்க பொருளும் எண்ணிக் காட்டத்தக்க உழைப்பும் உள்ளன. மலிவான விசைத்தறிப் போலி அவற்றுக்கு ஈடன்று என்பது அதனாலேயே நிறுவப்படுகிறது.

ஒலிச்சாதனத்திற்கும் இதே அளவுகோலைப் பொருத்துவதே முறை. விலையேற்றம் செவியாலோ கருவியாலோ உணரத்தக்க மாற்றத்தைத் தருமிடத்து அது தரத்தின் விலை. தராதவிடத்து அது மதிப்புக் குறியீட்டின் விலை. மலிவை ஏற்பவர் போலியை ஏற்பவர் என்னும் கருத்து பட்டிற்குப் பொருந்தலாம்; ஒலிச்சாதனத்திற்கு எல்லா இடத்திலும் பொருந்தாது.

ஆவணக் காப்பின் தேவை

வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் விழாக்களின் பாரதச் சொற்பொழிவும் கூத்தும் போன்ற நெடிய நிகழ்வுகள் வணிகப் பதிவுகளில் முழுமையாக இடம்பெறும் வாய்ப்பு குறைவு. அவை எஞ்சியிருக்கக்கூடிய இடம் வீடுகளில் கிடக்கும் மலிவு நாடாக்களே. தரம் குறைந்தவை என்னும் மதிப்பீட்டினால் இவை நூலகங்களின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. காந்தப் பூச்சு நாளடைவில் சிதையும் இயல்பினது. நாடாவை எண்முறைக்கு மாற்றுகையில் கருவியின் விலையைவிட, படிக்கும் முனையின் தூய்மையும் சாய்வுக்கோணச் சீரமைப்பும் முதன்மையானவை. முறையாகப் பேணப்பட்ட நடுத்தரக் கருவியே கல்லூரித் தமிழ்த்துறைகள் இப்பணியைத் தொடங்கப் போதுமானது.

முடிவுரை

1. மின்னணுப் பகுதிகளில் மலிவுச் சாதனங்கள் விலையுயர்ந்தவற்றுக்கு ஈடாகின்றன. ஸ்பீக்கரின் தாழ்சுரத்திலும் உரத்த ஒலியிலும் ஈடாவதில்லை.

2. கேட்கும் இடமும் நோக்கமும் தரத்தைத் தீர்மானிக்கும் கூறுகள். குழாய் ஒலிபெருக்கியும் தறிக்கூடத்துப் பாட்டுப்பெட்டியும் தத்தம் சூழலில் போதிய தரம் உடையனவாக இருந்தன.

3. தமிழகத்தில் பெரும்பான்மையோரின் கேட்பு மலிவுச் சாதனங்களின் வழியே நிகழ்ந்தது. அவற்றைப் புறக்கணித்து எழுதப்படும் இசை வரலாறு உடைமையாளரின் வரலாறாகுமே அன்றிக் கேட்டோரின் வரலாறாகாது.

4. ஒலிநாடாக்களைத் திரட்டி எண்முறைக்கு மாற்றும் பணி, நாடாக்கள் சிதையுமுன் வட்டார அளவில் மேற்கொள்ளப்பட வேண்டும். நெசவுக் குடியிருப்புகளும் கூத்து வழங்கும் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த காஞ்சிபுரம் வட்டாரம் அதற்கு உகந்த தொடக்கக் களமாகும்.