சுண்டெலி மூளைக்காய்ச்சலில் நோயெதிர்ப்பின் பங்கு

மூளைக்குள் வைரஸ் புகுந்தால் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் உயிரைக் காக்கவும் கூடும், பறிக்கவும் கூடும். மருத்துவ உலகுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் ஆய்வகச் சுண்டெலிகள்தாம்.

மிகத் தெளிவான சான்று எல்.சி.எம். (லிம்ஃபோசைடிக் கோரியோமெனிஞ்சைடிஸ்) வைரஸ். 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அதை ஆராய்ந்த சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் கண்ணில் இது பட்டது. செல்களை இது தானாக அழிப்பதில்லை. ஆனாலும் வளர்ந்த சுண்டெலியின் மூளையில் செலுத்தினால், ஒரு வாரம்போல் கழிந்ததும் அது வலிப்பு கண்டு இறக்கும். டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இல்லாத சுண்டெலியோ வைரசைச் சுமந்தபடியே பிழைத்துக்கொள்ளும். கொல்வது வைரஸ் அல்ல, அதை விரட்ட வரும் டி செல்களே. தாயின் கருவிலேயே தொற்று ஏறிய குட்டிகளுக்கு மூளைநோய் வருவதில்லை. வாழ்நாள் முழுதும் வைரஸ் உடலில் தங்கும், பிற்காலத்தில் சிறுநீரகம் கெடலாம். இதே வைரசை வைத்து கான்பெராவில் 1970களில் ஆய்ந்த பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் சிங்கர்நாகலும், டி செல்கள் தொற்றுற்ற செல்லை அடையாளம் காணும் முறையைக் கண்டு 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

நமக்கு நெருக்கமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் மனிதரிடம் இது முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூரில். பரப்பும் கியூலக்ஸ் கொசு நெல்வயல் நீரில் முட்டையிடும்; வைரஸ் கொக்கிலும் பன்றியிலும் பல்கும். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளையும் நாஞ்சில் நாட்டார் இந்நோயை அறிந்திருப்பது நல்லது.

இங்கே நோயெதிர்ப்பின் கணக்கு வேறு. தோலடியில் வைரஸ் ஏற்றப்பட்ட வளர்ந்த சுண்டெலிகள் பெரும்பாலும் தப்புகின்றன. வைரஸ் மூளையை எட்டுமுன்பே இண்டர்ஃபெரான் என்னும் தற்காப்புப் புரதமும் எதிர்ப்பொருள்களும் அதை மடக்கிவிடுகின்றன. பால்குடிக் குட்டிகள் மடிகின்றன. மூளைக்குள் வைரஸ் சேர்ந்துவிட்டால், அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்லியா அளவுமீறிக் கிளர்ந்து, சுரக்கும் அழற்சிப் பொருள்களால் அருகிலுள்ள நரம்புச் செல்களையும் கொல்கின்றன. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார், மினோசைக்ளின் மருந்து இந்தக் கிளர்ச்சியைத் தணித்துச் சுண்டெலிகளைப் பிழைக்கவைப்பதை 2008இல் காட்டினர். பின்னர் லக்னோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு கணிசமாகக் குறையவில்லை. சுண்டெலியில் பலித்தது மனிதரிடமும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வைரசைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை, தடுப்பூசி உண்டு. காய்ச்சலோடு வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ கண்ட குழந்தையைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.