கடைசிக் கைக்கு மட்டும்தானா கணக்கு? முயல் விற்றவர்களின் வரலாறு

ஹட்டன் பக்கம் ஒரு சோடி முயல் வாங்குவது பெரிய காரியம் இல்லை. லயத்துக்குப் பின்னால் பலகையும் கம்பி வலையும் அடித்து ஒரு கூடு. அதில் நாலைந்து முயல். குட்டி போட்டால் கேட்கிற வீட்டுக்கு ஒரு சோடி. மலையில் புல்லுக்குப் பஞ்சமில்லை, குளிரும் முயலுக்குப் பிடிக்கும். நாட்சம்பளத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுக்கிற வீட்டுக்கு இந்தச் சில்லறைக் காசு ஒரு உதவி. இதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை.

எங்கள் கேள்வி வேறு. காசு கைமாறி, முயல் பெட்டியோடு போன பிறகு, விற்றவருக்கும் அந்த முயலுக்கும் ஏதாவது தொடர்பு மிச்சம் இருக்கிறதா? "வித்தாச்சு, இனி வாங்கினவங்க பாடு" என்பதுதான் நாம் எல்லோரும் பழகிய பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது தோக்கியோ, லொஸ் ஏஞ்சல்ஸ், ஈரோடு என்று பல ஊர்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப நடந்திருப்பதைப் பார்த்தோம்.

முதலில் ஒரு கணக்கு

முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். ஒரு ஈற்றில் நாலு முதல் எட்டுக் குட்டி என்பது சாதாரணம். குட்டி போட்ட சில மணித்தியாலத்திலேயே தாய் மறுபடியும் சினை பிடிக்கக் கூடியது. அந்தக் குட்டிகள் நாலைந்து மாதத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். ஆக "ஒரு சோடி" என்று நாம் வாங்குவது உண்மையில் இரண்டு முயல் அல்ல. ஒரு வருடத்தில் கூடு கொள்ளாமல் நிற்கப்போகிற ஒரு கூட்டம்.

இந்தக் கணக்கு வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே வருகிற கதைகளைப் படியுங்கள்.

தோக்கியோ, 1873

மெய்ஜி காலத்தின் தொடக்கத்தில், துறைமுகங்கள் வழியாக வெளிநாட்டு முயல்கள் ஜப்பானுக்குள் வந்தன. 1872 அளவில் தோக்கியோவில் அது ஒரு பைத்தியமாகவே மாறியது. அபூர்வமான நிறமும் புள்ளியும் உள்ள முயலுக்கு நம்ப முடியாத விலை. பழைய ஆட்சி போய், வருமானம் ஆட்டம் கண்டு நின்ற சாமுராய்களும் இதில் இறங்கினார்கள். முயலை ரசிக்க வாங்கியவர்களை விட, குட்டி போட வைத்து விற்க வாங்கியவர்களே அதிகம். அரசு முயல் கூட்டங்களைத் தடை செய்து பார்த்தது, பலன் இல்லை. 1873இன் கடைசியில் ஒரு முயலுக்கு மாதம் 1 யென் என்று வரி போட்டது. அன்றைக்கு அது பெரிய தொகை.

விலை அப்படியே சரிந்தது. வரிக்குப் பயந்து முயல்களைக் கொன்றார்கள், கைவிட்டார்கள், கறிக்குக் கொடுத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வரி விழுந்தது அன்றைக்கு யார் கையில் முயல் இருந்ததோ அவர் மேல். முதலில் இறக்கி, நாலு மடங்கு விலைக்கு விற்று, காசை எண்ணிக்கொண்டு போனவர் மேல் அல்ல.

லொஸ் ஏஞ்சல்ஸ், 1900

கால் நூற்றாண்டு கழித்து கலிபோர்னியாவில் அதே கதை. 'பெல்ஜியன் ஹேர்' என்று ஒரு இனம். பெயரைப் பார்த்தால் காட்டு முயல் மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் வீட்டு முயல்தான். 1898 முதல் சில வருடங்கள் லொஸ் ஏஞ்சல்ஸில் வீட்டுக்கு வீடு கூடு. இங்கிலாந்திலிருந்து வந்த பேர் பெற்ற கிடாக்களுக்கு ஆயிரக்கணக்கான டொலர் விலை. கொல்லைப்புறத்தில் வளர்த்தே பணக்காரர் ஆகலாம் என்று விளம்பரம்.

இந்த முயல்களை யார் வாங்கினார்கள்? அநேகமாக இன்னொரு முயல் வளர்ப்பவர். அவரிடமிருந்து? இன்னொரு முயல் வளர்ப்பவர். கறிக்கோ தோலுக்கோ இவ்வளவு விலை கொடுக்கிற சந்தை எங்கேயும் இருக்கவில்லை. புதிதாக வாங்க ஆள் வருகிற வரைக்கும் வண்டி ஓடியது. ஆள் வருவது நின்றதும், 1901 அளவில், எல்லாம் படுத்துவிட்டது. அதுவரை 'வம்சாவளிப் பத்திரம்' வைத்திருந்த முயல்கள் சட்டிக்குப் போயின.

ஈரோடு, 2012

இனி நமக்குக் கிட்டத்தில் நடந்தது. இது முயல் கதை அல்ல, ஈமு கோழிக் கதை. ஆனால் எலும்பும் சதையும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாக வைத்து 'சுசி ஈமு ஃபார்ம்ஸ்' என்ற நிறுவனம் ஒரு திட்டத்தை விற்றது. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம். வளர்ப்பவருக்கு மாதாமாதம் பணம். வளர்ந்த பறவையை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும். சினிமா முகங்களை வைத்து விளம்பரம். இதைப் பார்த்து இன்னும் பல நிறுவனங்கள் முளைத்தன. கொங்கு நாட்டு விவசாயிகள் நகையை வைத்து, நிலத்தை வைத்துப் பணம் கட்டினார்கள்.

ஈமு அவுஸ்திரேலியப் பறவை. அதன் கறியை யார் சாப்பிடப் போகிறார்கள், எண்ணெயை யார் வாங்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் உருப்படியான பதில் இருக்கவில்லை. வருமானம் வந்தது புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டிய பணத்திலிருந்து. 2012 ஆகஸ்டில் பணம் நின்றது, தீவனமும் நின்றது. கொட்டகையில் பறவைகள் பட்டினி கிடந்தன. கடைசியில் மாநில அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. யாரோ குஞ்சு பொரித்து விற்ற பறவைக்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து சாப்பாடு.

வழக்கு எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பாருங்கள். முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு கொண்டு வந்த சட்டத்தில். அதாவது சட்டத்தின் கண்ணுக்கு ஏமாந்த மனிதர் தெரிந்தார். அது சரிதான், பணத்தை இழந்தவர்கள் ஏழை எளிய மக்கள். ஆனால் கொட்டகையில் நின்ற பறவைக்கு அந்த வழக்கில் இடமே இல்லை. அதைப் படைத்து விற்றவர் அந்தப் பறவைக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டமும் கடைசிக் கையைத்தான் பிடிக்கிறது

சரி, இதெல்லாம் மோசடி, பேராசை. லயத்துக்குப் பின்னால் நாலு முயல் வளர்க்கிறவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்க கேட்கலாம். அளவு வேறு, நோக்கம் வேறு, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பொறுப்பு கைமாறுகிற விதம் வேறு அல்ல.

இலங்கையில் மிருகவதையைத் தடுக்க இருக்கிற சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அபராதமும் அந்தக் காலத்து 100 ரூபா. இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006இல் ஒரு புதிய மிருக நலச் சட்ட வரைவைத் தயாரித்தது. அதற்குப் பிறகு அது வருடக்கணக்காக இழுபட்டது. நடைமுறையில் இந்தப் பழைய சட்டம் தேடுவது கொடுமை செய்த கையை. பட்டினி போட்டவர் யார், அடித்தவர் யார் என்று. நாலு கிழமைக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, "கரட், கோவா இலை எது போட்டாலும் தின்னும்" என்று சொல்லி விற்றவர் அந்தக் காட்சியிலேயே இல்லை.

வெளியே கொஞ்சம் அசைந்திருக்கிறது. இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்க முடியாது, வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டி, பூனைக்குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வாங்குகிறவர் வளர்த்தவரிடமே போக வேண்டும். ஆனால் இரண்டிலும் முயல் இல்லை. முயல் செல்லப்பிராணியா, கால்நடையா, கறியா என்று மனிதருக்கே இன்னும் தெளிவில்லை. அந்தக் குழப்பத்துக்குள் அது விழுந்து போகிறது.

"காட்டுல விட்டா பிழைச்சுக்கும்"

வைத்துப் பார்க்க முடியாமல் போகிறவர்கள் சொல்கிற அடுத்த வசனம் இது. இதையும் வரலாறு சோதித்துப் பார்த்திருக்கிறது.

1859 நத்தார் தினத்தன்று இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் வந்திறங்கின. விக்டோரியாவில் பெரிய பண்ணை வைத்திருந்த தோமஸ் ஒஸ்டின் என்பவர் வேட்டையாட ஆசைப்பட்டு வரவழைத்தவை. அனுப்பியது அவருடைய சகோதரர். அவை பெருகிய வேகத்தைப் பார்த்து மிரண்டுபோய், 1887இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிக்க வழி சொல்பவருக்கு 25,000 பவுண் பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டரே ஒரு கோழி நோய்க் கிருமியோடு தன் ஆட்களை அனுப்பிப் பார்த்தார். மேற்கு அவுஸ்திரேலியா 1907இல் 1,800 கிலோமீட்டருக்கு மேல் வேலி கட்டி முடித்தது. 1950இல் நோய்க் கிருமியைப் பரப்பிக் கோடிக்கணக்கில் கொன்றார்கள். இன்றைக்கும் குயின்ஸ்லாந்தில் வீட்டில் முயல் வளர்க்கத் தடை. ஆராய்ச்சிக்கும் மெஜிக் காட்டுகிறவருக்கும் மட்டும்தான் விலக்கு! அந்தக் கண்டத்து முயல்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் ஒஸ்டினின் அந்த ஒரு கப்பல் சரக்குக்குத்தான் போகிறது என்று 2022இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அனுப்பிய அண்ணன் தம்பிக்கு யாரும் கணக்கு அனுப்பவில்லை.

நம் மலையில் அப்படிப் பெருகும் என்று பயமுறுத்த வரவில்லை. இங்கே நடக்கக் கூடியது வேறு. நம் காடுகளில் ஓடுகிற முயல் வேறு இனம். அதன் குட்டி உடம்பில் மயிரோடு, கண் திறந்தபடி பிறக்கும். கூட்டு முயலின் குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வளர்ந்த வெள்ளை முயலுக்கு ஓடவும் தெரியாது, ஒளியவும் தெரியாது. தேயிலை மலையில் விட்டால் முதல் நாய் போதும். விடுதலை கொடுத்ததாக நாம் நினைத்துக்கொள்ளலாம், ஆனால் நடப்பது கைகழுவல்.

இந்த வசனம் நமக்குப் புதிதல்ல

மனிதரையும் முயலையும் ஒப்பிட நாங்கள் வரவில்லை. ஆனால் "என் கையை விட்டுப் போயாச்சு, இனி எனக்கென்ன" என்ற வசனம் எப்படிப்பட்டது என்று மலையகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூட்டி வந்தவனுக்கு வேலை முடிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பான்மையான நம் ஆட்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். கொண்டு வந்து லாபம் பார்த்த கம்பனிகளின் பெயர் அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அங்கேயும் கணக்கு கடைசிக் கையோடுதான். பொறுப்பைக் கைமாற்றுகிற இந்தப் பழக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்த சமூகம், அது சின்ன இடத்தில் நடந்தாலும் கண்டுபிடிக்க வேண்டாமா?

அப்படியென்றால் என்ன செய்வது?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்று ஒரு ஊர். அங்கே இந்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. குளிரான மலை, நம்ம ஊர் மாதிரியே. அங்கே முயல் இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள், வளர்ப்புப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். முயலோடு சேர்த்து அறிவையும் கைமாற்றுவது. நாங்கள் கேட்பதும் இதைத்தான். அதுக்கு நிறுவனம் தேவையில்லை.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்காமல் இருப்பது. அவசரமாகப் பால் மறந்த குட்டிதான் வயிற்றுப்போக்கில் சாகிறது. ஆணா பெண்ணா என்று ஒழுங்காகப் பார்த்துச் சொல்வது. "ரெண்டும் பெட்டை" என்று கொடுத்தது சோடியாக முடிந்தால், அதோடு வாங்கினவர் வீட்டில் கூட்டம் ஆரம்பம். முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்குப் புல்லும் காய்ந்த புல்லும்தான் பிரதான சாப்பாடு, கரட் அல்ல என்று சொல்லிக் கொடுப்பது. நல்லா வளர்த்தால் எட்டுப் பத்து வருடம் இருக்கும் என்பதை விற்கிறதுக்கு முன்னாடியே சொல்வது. யாருக்கு எப்போது கொடுத்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, "வச்சுப் பார்க்க முடியலைன்னா என்கிட்டயே கொண்டு வாங்க" என்று ஒரு வார்த்தை.

இந்தக் கடைசி வார்த்தையை ஒருத்தர் மனசார்ந்து சொல்ல ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்பி வரக்கூடிய முயலுக்குக் கூட்டில் இடம் வேண்டும், புல் வேண்டும். ஆகவே அடுத்த முறை ஆணையும் பெட்டையையும் ஒன்றாக விடுவதற்கு முன்னால் அவர் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார். எத்தனை குட்டிக்கு உண்மையில் வீடு இருக்கிறது? தோக்கியோவிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் பெருந்துறையிலும் யாரும் கேட்காத கேள்வி அதுதான். கேட்கத் தேவையில்லாமல் இருந்தது, ஏனென்றால் எதுவும் அவர்களிடம் திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரியும்.