ஆஜிபாய்க்கு எழுதிய கடிதங்கள்

திருச்சபைக்குள் நடக்கும் ஆன்மிகத் துன்புறுத்தல் என்றதும் மிரட்டும் பாதிரியாரோ, பணம் பறிக்கும் போதகரோதான் நம் கண்முன் வருகிறார். அது பாசமுள்ள பெண்குரலிலும் பேசும் என்பதைப் பண்டித ரமாபாயின் கடிதங்களில்தான் பார்த்தேன்.

1878இல் கல்கத்தா அறிஞர்கள் 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் தந்து கொண்டாடிய பெண் அவர். 1882இல் கணவரை இழந்தார். அடுத்த ஆண்டு, மருத்துவம் படிக்கும் கனவோடு சின்னஞ்சிறு மகள் மனோரமாவை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போனார். வாண்டேஜ் என்ற ஊரின் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் இடம் கொடுத்தது. 1883 செப்டம்பர் 29 அன்று தாயும் மகளும் அங்கேயே திருமுழுக்குப் பெற்றார்கள். ஆன்மிகத் தாயாக அமைந்தவர் ஜெரால்டைன் என்ற கன்னியாஸ்திரி. அவரை ரமாபாய் 'ஆஜிபாய்' என்று அழைத்தார். மராத்தியில் பாட்டி என்று பொருள்.

சோறு, கூரை, மகளின் வளர்ப்பு எல்லாமே மடத்தைச் சார்ந்திருந்தன. இதை மறந்துவிட்டு வாசித்தால் அந்தக் கடிதங்கள் வெறும் இறையியல் விவாதமாகத்தான் தெரியும்.

திரித்துவக் கோட்பாட்டை ரமாபாயால் ஏற்க முடியவில்லை. வேதத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஜெரால்டைனுக்கு அந்தக் கேள்வி அகந்தையாகப் பட்டது. இந்த இடமாற்றத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: கேள்விக்குப் பதில் வருவதில்லை, கேட்டவளின் குணம் விசாரணைக்கு வருகிறது. புலால் உண்ண மறுத்ததும் பழைய சாதிச் செருக்காகவே பார்க்கப்பட்டது. (அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட என்னாலும் முடியாது. ஆனால் அங்கே அது சாதியை ஒழிக்கப் பயன்படவில்லை, ஒரு பெண்ணைப் பணியவைக்கவே பயன்பட்டது.)

அணியத் தந்த சிலுவையில் இலத்தீன் சொற்கள் இருந்தன. ரமாபாய் சமஸ்கிருதம் வேண்டும் என்றார். பிராமணர்கள் சமஸ்கிருதத்தைத் தேவமொழி என்பதுபோல நீங்கள் இலத்தீனை நினைக்கிறீர்களா என்றும் கேட்டார். எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

1885இல் செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது, ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்துவதா என்ற கேள்வி எழுந்தது. கூடாது என்று இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேய ஆயர்கள் தடுத்தார்கள். என் அப்பாவும் கணவரும் மறுக்காததை நீங்கள் மறுக்கிறீர்களே என்று அவர் வியந்து எழுதினார். புரோகிதர்களின் நுகத்தை அரும்பாடுபட்டுக் கழற்றிய தான், அதேபோன்ற இன்னொன்றைச் சுமக்கத் தயாரில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஜெரால்டைனை வில்லியாக்குவது எளிது. அவரும் ஆயர்களுக்குக் கட்டுப்பட்டவர். தான் பணிந்த அதே பணிவை மகளாக நினைத்தவளிடம் எதிர்பார்த்தார். அவருடைய அன்பு பொய்யில்லை. அதனால்தான் மறுப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்கும்.

"பிறகு ஏன் கிறிஸ்தவராகவே இருந்தார்?" என்று வகுப்பில் மாணவிகள் கேட்பார்கள். கடவுளையும் கடவுள் பெயரால் பேசுபவர்களையும் அவர் பிரித்துப் பார்த்தார் என்பதே என் பதில். மனசாட்சியை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. கல்லூரி முதல்வர் டொரோதியா பீல் போன்ற, பொறுமையாகக் காதுகொடுப்பவர்களிடம் வாதத்தைத் தொடர்ந்தார். 1886இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார். ஆனால் ஆஜிபாய்க்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. வெளியேறுவதென்றால் எல்லாவற்றையும் அறுத்தெறிய வேண்டும் என்று நம்பும் தோழிகளுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கடிதங்களைத் திரட்டிப் பாதுகாத்தவரும் ஜெரால்டைன்தான். 1977இல் அவை நூலாக வந்தன. ரமாபாய் பிற்காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, சாதாரணப் பெண்களுக்குப் புரியும் மராத்தியில் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்தார். 1922இல் இறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார். கேட்காவ்ன் முக்தி இல்லத்தின் அச்சகத்தில் அதற்கு அச்சுக் கோத்தவர்கள் அங்கே வாழ்ந்த பெண்கள்.